சாம்பற்கிண்ணம் கூறும் வரலாறு



என் வீட்டுக் கூடத்தில் கண்ணாடி அலமாரி ஒன்று உண்டு. ஆசிரியர் வீட்டு அலமாரி ஆதலால் புத்தகங்கள் இருக்கும் என்று எண்ணி அருகே செல்பவர்கள் சற்றுத் திகைப்பார்கள். அதனுள் இருப்பவை 63 சாம்பற்கிண்ணங்கள். சிகரெட்டின் சாம்பலைத் தட்டவும், எரிந்து குறைந்த துண்டை நசுக்கி அணைக்கவும் மேசைமேல் வைப்பார்களே, 'ஆஷ்டிரே' என்று எல்லோரும் சொல்லும் அதே பொருள்தான். பித்தளையில் சில, பீங்கானில் சில, கண்ணாடியிலும் மாக்கல்லிலும் சில. எங்கள் வீட்டில் புகைப்பவர் எவரும் இலர். நானும் ஒரு நாளேனும் புகைத்ததில்லை. "பின் எதற்கு ஐயா இவை?" என்று என்னிடம் பயின்ற மாணவர்கள் பலமுறை கேட்டிருக்கிறார்கள். வகுப்பறையில் அதற்கு விடை கூற நேரம் வாய்த்ததில்லை. இன்று வானொலி நிலையத்தார் அந்த வாய்ப்பை அளித்திருக்கிறார்கள்.

வரலாற்றுச் சான்று என்றவுடன் கல்வெட்டு, செப்பேடு, நாணயம் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. அவை பெரும்பாலும் பிறர் பார்க்கவேண்டும் என்று கருதிச் செய்யப்பட்டவை. மெய்க்கீர்த்தியில் மன்னன் தான் வென்ற போர்களையே கூறுவான், தோற்றவற்றைக் கூறான். ஆனால் சமையற்கட்டிலும் தாழ்வாரத்திலும் கிடக்கும் பொருள்களுக்கு அத்தகைய எண்ணம் கிடையாது. ஒருவர் என்ன சொன்னார் என்பதற்கும் உண்மையில் என்ன செய்தார் என்பதற்கும் இடையேயுள்ள தொலைவை இவற்றைக்கொண்டு அளந்துவிடலாம். இதை எனக்குக் கற்பித்தது எங்கள் வீட்டுப் பித்தளைக் கிண்ணம் ஒன்று. அதன் கதையைப் பிறகு சொல்லுகிறேன்.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். கொலம்பஸ் 1492 ஆம் ஆண்டில் கரீபியன் தீவுகளில் இறங்கியபோதே அங்குள்ள மக்களிடம் புகையிலையைக் கண்டார். அடுத்த நூறு ஆண்டுகளில் அது உலகெங்கும் பரவிவிட்டது. ஆனால் சாம்பற்கிண்ணம் வீட்டுக்கு வீடு காணும் பொருளானது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேதான். இடைப்பட்ட முந்நூறு ஆண்டுகளும் சாம்பல் எங்கே போயிற்று?

நம் நாட்டிலிருந்தே இதற்கு விடை காணலாம். அக்பரின் அவையைச் சேர்ந்த அசத் பேக் என்பவர் 1604 ஆம் ஆண்டளவில் பீஜப்பூரிலிருந்து திரும்புகையில் புகையிலையையும் அழகிய புகைக்குழாய் ஒன்றையும் கொண்டுவந்து பேரரசர்முன் வைத்தார். அக்பர் சிறிது புகைத்துப் பார்த்தார். அரண்மனை மருத்துவர் தடுத்தார். பெயரும் குணமும் அறியாத ஒரு பொருளை எப்படி உட்கொள்வது என்பது அவர் வாதம். அசத் பேக் விடவில்லை. ஐரோப்பியர்கள் அறிவிலிகள் அல்லர், அவர்களுள்ளும் கற்றறிந்தோர் இருக்கின்றனர் என்று வாதாடினார். பேரரசர் அதன்பின் அப்பழக்கத்தை மேற்கொள்ளவில்லை என்றாலும் பிரபுக்கள் மேற்கொண்டார்கள். அவருடைய மகன் ஜகாங்கீர் 1617 இல் புகையிலைக்குத் தடை விதித்தும் பயனில்லை. அசத் பேக்குக்கும் மருத்துவருக்கும் நடந்த அந்த வழக்கு அடுத்த 350 ஆண்டுகள் நீடித்தது என்று சொன்னால் மிகையாகாது.

அந்தப் பிரபுக்கள் புகைத்தது ஹூக்கா. அதில் புகையிலை மேலேயுள்ள மண் சிலிமில் எரியும். சாம்பலும் அங்கேயே தங்கிவிடும். பணியாள் ஒருவன் அதை எடுத்துக் கொட்டிவிட்டு வருவான். ஆகவே பிரபுவின் கையருகே கிண்ணம் வேண்டியதில்லை. கைவேலைப்பாடெல்லாம் தண்ணீர் நிரப்பும் அடிக்குடத்தில் ஏறிற்று. கருநாடகத்து பீதரில் செய்யப்பட்ட ஹூக்காக் குடங்கள் இன்று உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. துத்தநாகத்தோடு சிறிதளவு செம்பு சேர்த்து வார்த்து, அதில் நுண்ணிய பள்ளங்கள் செதுக்கி, வெள்ளிக் கம்பியை அடித்துப் பதிப்பார்கள். பிறகு பீதர்க் கோட்டையின் பழமண்ணை நவச்சாரத்தோடு குழைத்துப் பூசுவார்கள். துத்தநாகக் கலவை மையிருட்டுப்போல் கறுத்துவிடும். வெள்ளியோ சிறிதும் கறுக்காது. அந்தக் கருமையின்மேல் வெள்ளிப் பூக்கள் மலர்ந்து நிற்பதை நேரில் பார்த்தவர் மறக்கமாட்டார்.

நம் ஊர்ச் சுருட்டுக்கும் கிண்ணம் வேண்டியிருக்கவில்லை. சுருட்டின் சாம்பல் கெட்டியானது. எளிதில் உதிராமல் முனையிலேயே நிற்கும். திண்ணையில் அமர்ந்து புகைத்தவர் அதைத் தெருமண்ணில் தட்டிவிட்டார். அந்தச் சாம்பலுக்கும் ஓர் இலக்கியப் பெருமை உண்டு. ஆங்கில எழுத்தாளர் கோனன் டாயில் 1887 இல் வெளியிட்ட ஷெர்லக் ஹோம்ஸின் முதல் கதையில், துப்பறியும் அந்த மேதை தரையில் கிடந்த சாம்பலைக் கூட்டி எடுத்து, கொலைகாரன் புகைத்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று கண்டுபிடிக்கிறான். அடுத்த கதையில், 140 வகைப் புகையிலைச் சாம்பல்களைப்பற்றித் தான் ஒரு நூலே எழுதியிருப்பதாகவும் கூறிக்கொள்கிறான். உறையூரிலும் திண்டுக்கல்லிலும் சுருட்டிய இலை, லண்டன் நகரத்துக் கதையில் சாட்சியாக நின்ற விந்தையை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் கடைசி வரிசை மாணவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சாம்பற்கிண்ணத்தை உலகுக்கு அளித்தது சிகரெட்டே. மெல்லிய காகிதத்தில் சுருட்டப்பட்ட அதன் சாம்பல் நிமிடத்திற்கு ஒருமுறை உதிரும். அது உதிரும் இடமோ மண்தரையன்று. கம்பளமும் மெத்தை தைத்த நாற்காலியும் உள்ள வரவேற்பறை. அமெரிக்காவில் ஜேம்ஸ் பான்சாக் என்ற இளைஞர் சிகரெட் சுருட்டும் இயந்திரம் ஒன்றிற்கு 1881 இல் காப்புரிமை பெற்றார். கையால் சுருட்டுபவர் நாள் முழுதும் உழைத்தாலும் சில ஆயிரமே சுருட்டலாம். அந்த இயந்திரம் ஒரே நாளில் 1,20,000 சிகரெட்டுகளை உமிழ்ந்தது. இத்தனையையும் விற்றாகவேண்டுமே! அதற்கு விளம்பரம் பிறந்தது. விளம்பரத்திற்கு ஏற்ற சிறந்த பரப்பாகச் சாம்பற்கிண்ணம் அமைந்தது. மதுக்கடையிலும் உணவு விடுதியிலும் நாள் முழுதும் கண்முன் இருப்பது அன்றோ? நம் நாட்டில் 1910 இல் கல்கத்தாவில் இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி தோன்றியது. அதன்பின் சிகரெட் சிறுநகரங்களுக்கும் வந்து சேர்ந்தது.

ஆயினும் தொழிற்சாலையைவிட விரைவாக அப்பழக்கத்தைப் பரப்பியது போர். முதல் உலகப் போர் மூண்ட 1914 ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் திருநாளுக்கு, ஆங்கில மன்னரின் மகள் மேரி இளவரசி பெயரால் போர்முனை வீரர்களுக்குப் பித்தளைப் பெட்டி ஒன்று அனுப்பப்பட்டது. அப்போது இளவரசிக்கு வயது 17. பெட்டியில் புகையிலை, 20 சிகரெட்டுகள், புகைக்குழாய், வாழ்த்து அட்டை ஆகியவை இருந்தன. புகைக்காதவர்களுக்குப் புளிப்பு மிட்டாயும் எழுதுபொருளும் வைத்தார்கள். இந்திய வீரர்களுக்கென்று தனித்தனியே யோசித்திருக்கிறார்கள் என்பது வியப்பானது. புகைத்தல் சமயத்திற்கு மாறானது ஆதலால் சீக்கியருக்குச் சர்க்கரைக் கட்டியும் நறுமணப் பொருள்களும் சென்றன. ஏனைய இந்திய வீரர்களுக்கு அவற்றோடு ஒரு சிகரெட் பொட்டலமும் சேர்த்தார்கள். போரின் முடிவுவரை வழங்கப்பட்டவை 25 லட்சம் பெட்டிகளுக்குமேல். அன்போடு கொடுத்தார்கள், நன்றியோடு வாங்கிக்கொண்டார்கள். ஊரில் வெற்றிலை மட்டுமே அறிந்திருந்த எத்தனையோ இளைஞர்கள் சிகரெட்டோடு திரும்பினார்கள்.

இங்கேதான் எங்கள் வீட்டுக் கிண்ணம் வரலாற்றுக்குள் நுழைகிறது.

என் தந்தையார் தாலுகா கச்சேரியில் எழுத்தராகச் சேர்ந்து தலைமை எழுத்தராக ஓய்வுபெற்றவர். மாலையில் வீடு திரும்பியதும் சாய்வு நாற்காலியில் அமர்வார். வலப்பக்கம் முக்காலிமேல் உள்ளங்கை அகலத்தில் வட்டமான ஒரு பித்தளைக் கிண்ணம் இருக்கும். அடி கனமானது, ஓரம் ஓர் அங்குல உயரம். நடுவே குமிழ்போல் ஏதோ ஒன்று. எல்லோர் வீட்டிலும் இத்தகைய கிண்ணம் இருக்கும் என்றே நான் நினைத்திருந்தேன். தந்தையார் மறைந்த பின், 1980 இல், வீட்டுச் சாமான்களை ஒழுங்குபடுத்தியபோது அதன் அடியைக் கழுவினேன். பல ஆண்டு அழுக்கு நீங்கியதும் எழுத்துக்கள் தெரிந்தன. ஆங்கில எழுத்துக்கள் சில, 18 என்ற எண், அதன் கீழே 1916 என்ற ஆண்டு.

அது கிண்ணமாகப் பிறந்த பொருளன்று. பதினெட்டு ராத்தல் எடையுள்ள குண்டை எறியும் பிரிட்டிஷ் பீரங்கியின் பித்தளைத் தோட்டாக்கூட்டின் அடிப்பகுதி. கூட்டை அடியோடு ஒட்டி அறுத்து, விளிம்பை அரத்தால் தேய்த்து, சிகரெட்டைத் தாங்க மூன்று பள்ளங்கள் இட்டிருந்தார்கள். நடுவே குமிழாகத் தெரிந்தது வெடிமருந்தைப் பற்றவைக்கும் குழாயின் அடைப்பு. இப்படிப் போர்ப்பொருள்களிலிருந்து செய்த கைவினைப் பொருள்களுக்கு ஆங்கிலத்தில் பதுங்குகுழிக் கலை என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. பெயர் சற்றே பொய். குண்டுமழைக்கு நடுவே பதுங்குகுழியில் அமர்ந்து எவரும் பித்தளையை அறுத்துக்கொண்டிருக்க முடியாது. பெரும்பாலானவை பின்னணியில் இருந்த பட்டறைகளிலும், மருத்துவ முகாம்களிலும், போர்க் கைதிகளின் கூடாரங்களிலும் செய்யப்பட்டவை. வெற்றுக் கூடுகளைத் திரும்பவும் மருந்து நிரப்புவதற்காக அனுப்பிவிடவேண்டும் என்பது விதி, அவை அரசுடைமை. ஆகவே எங்கள் கிண்ணம் ஒரு வகையில் திருட்டுப் பொருள் என்றும் சொல்லலாம். போர் முடிந்த பின் பெல்ஜியத்திலும் பிரான்சிலும், மாண்டவர்களின் கல்லறைகளைக் காண வந்த உறவினர்களுக்கு இப்பொருள்களை விற்றார்கள். மகனைக் கொன்றது போன்றதொரு குண்டின் கூட்டைத் தாய் விலைகொடுத்து வாங்கிச் சென்று பூச்சாடியாக வைத்துக்கொண்டாள்.

எங்கள் வீட்டுக்கு அது எப்படி வந்தது? என் பாட்டனாரின் தம்பி மதராஸ் சாப்பர்ஸ் படையில் சேர்ந்து மெசபொடோமியாவுக்குச் சென்றவர். "சின்னத் தாத்தா பஸ்ராவுக்குப் போனவர்" என்று பாட்டி கூறக் கேட்டிருக்கிறேன். அவர் எழுதிய கடிதம் ஒன்றேனும் எங்களிடம் இல்லை. அவர் என்ன கண்டார், எங்கே நின்றார் என்பது எவருக்கும் தெரியாது. அவர் கொண்டுவந்ததாக எங்களிடம் எஞ்சியிருப்பது இந்தப் பித்தளைதான். அதில் என் தந்தையார் 30 ஆண்டுகள் சாம்பல் தட்டினார்.

அன்று தொடங்கியதே என் சேகரிப்பு. சென்னை மூர் மார்க்கெட் 1985 இல் தீக்கிரையாவதற்கு முன் அங்கே சில வாங்கினேன். காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பல கிடைத்தன. பெரிய செட்டிநாட்டு வீடுகள் கலைந்தபோது வெளியேறிய சாமான்களோடு அவையும் வந்திருக்கவேண்டும். ஏமாந்ததும் உண்டு. நூறாண்டுப் பழமை என்று சொல்லி ஒரு வியாபாரி தந்த பித்தளைத் தாமரை, வீட்டுக்கு வந்து துடைத்ததும் முந்திய மாதம் வார்த்தது என்று தெரிந்தது. இப்போது நான் முதலில் அடியைத்தான் பார்ப்பேன். உண்மையாகவே பயன்பட்ட கிண்ணத்தின் அடிவிளிம்பு மேசையில் இழுபட்டுத் தேய்ந்திருக்கும். பள்ளங்களில் சூட்டின் கறை இருக்கும். போலிப் பழமையில் தேய்மானம் எங்கும் ஒரே சீராக இருக்கும். மனிதக் கை அப்படித் தேய்ப்பதில்லை. என் அறியாமையால் கெட்டதும் ஒன்று உண்டு. பீதர் வேலைப்பாட்டுக் கிண்ணம் ஒன்றைப் புளி போட்டுத் தேய்த்து, கைவினைஞர் அரும்பாடுபட்டு ஏற்றிய கருமையை ஒரே காலையில் மங்கச் செய்துவிட்டேன். அதற்கு வேண்டியது சிறிது எண்ணெய் தொட்ட துணி மட்டுமே.

அந்தக் கிண்ணத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன். ஹூக்காப் புகைத்த நவாபுகள் மறைந்தபோது பீதர்க் கலைஞர்கள் பட்டினி கிடக்கவேண்டியிருந்தது. அவர்கள் குடத்தை விட்டுவிட்டுச் சாம்பற்கிண்ணமும் சிகரெட் பெட்டியும் செய்து பிழைத்தார்கள். இப்போது அவற்றையும் கேட்பார் குறைந்துவிட்டதால் வேறு சிறு பொருள்கள் செய்கிறார்கள். உலோகமும் வெள்ளியும் கோட்டை மண்ணும் மாறவில்லை.

சேகரிப்பில் இறங்கிய பிறகே, உலகத்தின் பெரிய வடிவமைப்பாளர்களும் இச்சிறு பொருளுக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அறிந்தேன். ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் பயின்ற மரியான் பிராண்ட் என்ற பெண்மணி 1924 இல் அரைக்கோள வடிவில் செய்த உலோகக் கிண்ணம் இன்றும் புதியதாகவே தோன்றுகிறது. இத்தாலியின் புரூனோ முனாரி 1957 இல் ஒரு கனசதுரப் பெட்டியையே சாம்பற்கிண்ணம் ஆக்கினார்; உள்ளே மடித்த அலுமினியத் தகடு. சாம்பல் கண்ணுக்குத் தெரியாது, நாற்றமும் அதிகம் வராது. சாம்பலை மறைக்கவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அந்த ஆண்டில் தோன்றியதை நான் கவனித்தேன். அதன் காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

இதில் பௌதிகமும் உண்டு. எரியும் சிகரெட்டைக் கிண்ணத்தின் விளிம்பில் வைத்துவிட்டு மறந்துபோனால் என்ன ஆகும்? உள்ளே நீட்டியிருக்கும் பகுதி எரிந்து எடை குறையும். வெளியே நீட்டியிருக்கும் பகுதியின் எடை குறையாது. ஒரு கட்டத்தில் அது வெளிப்புறம் சாய்ந்து மேசை விரிப்பில் விழும். எத்தனையோ வீடுகளில் தீப்பற்றியது இப்படித்தான். நல்ல கிண்ணத்தில் பள்ளம் உட்புறமாகச் சரிந்திருக்கும்; துண்டு விழுந்தாலும் உள்ளேயே விழும். என் சேகரிப்பில் மிக அழகானவை என்று பிறர் புகழும் மூன்று கண்ணாடிக் கிண்ணங்களும் இந்தத் தேர்வில் தோற்றவை.

எல்லாவற்றிலும் வேடிக்கையானது ஏர் இந்தியாவின் கிண்ணம். உலகப் புகழ்பெற்ற ஸ்பானிய ஓவியர் சால்வடார் டாலி 1967 இல் ஏர் இந்தியா நிறுவனத்திற்காக ஒரு சாம்பற்கிண்ணம் வடிவமைத்தார். நடுவே சிப்பி, அதைச் சுற்றி ஒரு பாம்பு, தாங்கும் கால்களாக யானைத் தலையும் அன்னமும். யானையைத் தலைகீழாகப் பார்த்தால் அன்னம். அன்னத்தைத் தலைகீழாகப் பார்த்தால் யானை. அன்னங்களின் நீர்நிழல் யானைகளாகத் தெரியும் ஓவியம் ஒன்றை அவர் 1937 இலேயே தீட்டியிருந்தார். பிரான்சின் லிமோஷ் நகரத்து வெண்பீங்கானில் செய்யப்பட்டவை ஏறக்குறைய 500. அவை முதல் வகுப்புப் பயணிகளுக்கு அன்பளிப்பாயின. ஓவியர் கேட்ட கூலி என்ன தெரியுமா? பணம் வேண்டாம், ஒரு யானைக்குட்டி வேண்டும் என்றார். பெங்களூரிலிருந்து குட்டி ஒன்றைக் கண்டுபிடித்து, விமானத்தில் ஜெனீவாவுக்கு ஏற்றி, அங்கிருந்து வண்டியில் அவர் வாழ்ந்த கடற்கரை ஊராகிய கடாக்கேஸுக்குக் கொண்டுசேர்த்தார்கள். அந்தக் கிண்ணம் ஏலத்துக்கு வந்தால் என்போன்ற ஓய்வூதியக்காரர் அணுகமுடியாத விலைக்குப் போகிறது. நான் படத்தில் பார்த்ததோடு சரி. ஊர்விட்டு ஊர் அனுப்பப்பட்ட அந்த யானைக்குட்டி என்ன நினைத்திருக்கும் என்பதே எனக்கு அடிக்கடி தோன்றும்.

இவற்றையெல்லாம் அடுக்கி வைத்துப் பார்க்கையில் ஓர் உண்மை புலப்பட்டது. இளவரசியின் பெட்டி, விமான நிறுவனத்தின் அன்பளிப்பு, விடுதியின் விளம்பரம் எல்லாமே உபசாரத்தின் பெயரால் வந்தவை. நம் வீடுகளிலும் அப்படியே. விருந்தினர் வந்தால் வெற்றிலைத் தட்டையும் படிக்கத்தையும் எடுத்துவைப்பது நம் மரபு. அந்த இடத்தில் சாம்பற்கிண்ணம் வந்து அமர்ந்துகொண்டது. என் தாய்மாமன் வீட்டில் எவரும் புகைத்ததில்லை. ஆயினும் டீப்பாய்மேல் நீலக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று எப்போதும் இருந்தது. அது இல்லாவிட்டால் நாகரிகக் குறைவு என்று அக்காலத்தில் கருதினார்கள்.

அதே ஆண்டுகளில்தான் மருத்துவரும் தம் வழக்கை வென்றுகொண்டிருந்தார். இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இருவரும் 1950 இல் நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பை எண்களால் நிறுவினார்கள். டால் தாமே புகைத்துக்கொண்டிருந்தவர். ஆய்வின் நடுவே, தாம் கண்ட எண்களைப் பார்த்து நிறுத்திவிட்டார். அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் 1964 ஜனவரி 11 இல் வெளியிட்ட அறிக்கை உலகெங்கும் எதிரொலித்தது. முனாரியின் கிண்ணம் சாம்பலை மறைக்கப் பிறந்தது இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையில்தான். அவர் அறிக்கைகளைப் படித்துவிட்டுச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. சாம்பல் அழகற்றது என்ற உணர்வு அப்போது காற்றில் இருந்தது. நம் நாட்டில் சிகரெட் பெட்டியில் எச்சரிக்கை அச்சிடும் சட்டம் 1975 இல் வந்தது. பொது இடங்களில் புகைத்தலைத் தடுக்கும் விதிகள் 2008 அக்டோபர் 2 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தன. அன்று முதல் அலுவலக மேசைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் சாம்பற்கிண்ணங்கள் மூட்டை மூட்டையாகப் பழைய கடைகளுக்குப் போயின. எனக்கு அவை மலிவாகக் கிடைத்ததற்கும் அதுவே காரணம்.

ஓர் இடத்தில் மட்டும் அது இன்னும் நீங்கவில்லை. புகைத்தல் அறவே தடைசெய்யப்பட்ட விமானத்தின் கழிவறைக் கதவருகே இன்றும் சாம்பற்கிண்ணம் பொருத்தியிருப்பார்கள். 1973 ஜூலை 11 ஆம் நாள் பிரேசிலிலிருந்து பாரிஸ் நகரை நெருங்கிய விமானம் ஒன்றின் பின்புறக் கழிவறையில் தீப்பிடித்தது. புகையால் 123 பேர் இறந்தனர். குப்பைத்தொட்டியில் போட்ட சிகரெட் துண்டே காரணமாக இருக்கலாம் என்று ஐயுற்றார்கள். விதியை மீறி ஒருவர் புகைத்துவிட்டாலும் துண்டை அணைக்க ஓர் இடம் வேண்டும் என்பதே அதன்பின் வந்த ஆணையின் கருத்து. 'புகைக்காதீர்' என்ற அறிவிப்பும் அதனருகே சாம்பற்கிண்ணமும்! மனிதர் சொல்வதையும் செய்வதையும் சட்டம் இவ்வளவு தெளிவாகப் பிரித்தறிந்த இடம் வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

என் தந்தையாரின் கதையும் அதுவே. எங்கள் வீட்டில் காலைதோறும் அந்தப் பித்தளைக் கிண்ணத்தைக் கொல்லைப்புறம் கொண்டுபோய்க் கொட்டி, கழுவி வைப்பது என் அக்காவின் வேலை. எட்டு வயதில் தொடங்கியது. கொட்டும்போது துண்டுகளை எண்ணுவது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. எவரிடமும் சொல்லமாட்டார். 1978 இல் தந்தையாருக்கு இருமல் நிற்காமல் ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். ஒரு நாளைக்கு எத்தனை என்று மருத்துவர் கேட்டார். "நாலு, ஐந்து இருக்கும்" என்றார் அப்பா. பின்னால் நின்ற அக்கா, "இருபத்திரண்டு" என்றார். அப்பா திரும்பிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அந்த மருத்துவரின் மேசைமேலும் ஏதோ மருந்தின் பெயர் அச்சிட்ட சாம்பற்கிண்ணம் ஒன்று இருந்தது என்பதை நான் பல ஆண்டுகள் கழித்தே நினைவுகூர்ந்தேன். மறு ஆண்டு அப்பா காலமானார். அவருக்கு வயது 58.

என் அலமாரியை முதன்முதல் அடுக்கி முடித்தபோது அக்கா வந்திருந்தார். அப்போது நான் அழகு ஒன்றையே கருதி அடுக்கியிருந்தேன். கண்ணாடிக் கிண்ணங்கள் வெயில் படும் மேல்தட்டில், பீங்கான் நடுவே, சிறியவற்றில் சாவியும் குண்டூசியும். அப்பாவின் பித்தளைக் கிண்ணத்தை நடுநாயகமாக வைத்து, தண்ணீர் நிரப்பி மல்லிகை மிதக்கவிட்டிருந்தேன். அக்கா நெடுநேரம் பார்த்தார்.

"தம்பி, அப்பாவைக் கொண்டுபோனதைக் கழுவித் துடைத்துப் பூ வைத்திருக்கிறாயே" என்றார்.

எனக்கு விடை தெரியவில்லை. அவர் ஊருக்குத் திரும்பியபின் எல்லாவற்றையும் இறக்கினேன். மீண்டும் ஏற்றியபோது ஆண்டு வரிசையில் ஏற்றினேன். ஒவ்வொன்றின் அருகிலும் சிறு அட்டையில் ஆண்டு, இடம், அதைக் கொடுத்தவர், வாங்கியவர் ஆகியவற்றை எழுதிவைத்தேன். 1950, 1964, 2008 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கும் கிண்ணம் வைக்காமல் வெற்றிடம் விட்டு, அட்டையை மட்டும் வைத்தேன். சாவியும் ஊசியும் வேறு இடம் தேடிக்கொண்டன. உலக நல நிறுவனக் கணக்கின்படி புகையிலையால் ஆண்டுதோறும் இறப்பவர் 70 லட்சத்துக்கும் மேல் என்பதையும் கடைசித் தட்டில் எழுதியிருக்கிறேன். இப்போதும் அலமாரி அழகாகவே இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. அழகாக இருந்ததனால்தானே அவை அத்தனை வீடுகளுக்குள் நுழைந்தன.

அடுத்த ஆண்டு பொங்கலுக்கு அக்கா வந்தபோது அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்தார். அப்பாவின் கிண்ணத்துக்கு நான் அட்டை எழுதியிருக்கவில்லை. என்ன எழுதுவது என்று அவரையே கேட்டேன். அவர் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். விரல்கள் பழக்கத்தினால் தாமாகவே விளிம்பைத் துடைத்தன. பிறகு திருப்பி, அடியிலிருந்த 1916 என்ற எண்ணைக் கண்ணாடி அணிந்து படித்தார்.

"இது இவ்வளவு நாள் தெரியாதே. தினமும் கழுவியிருக்கிறேனே" என்றார்.

கிண்ணத்தை அவர் நிமிர்த்தி வைக்கவில்லை. எண் மேலே தெரியுமாறு கவிழ்த்தே தட்டில் வைத்தார். அது இன்றும் அப்படியே இருக்கிறது. பார்க்க வரும் மாணவர்கள் முதலில் அதை ஏதோ முத்திரை என்று நினைக்கிறார்கள். அருகே உள்ள அட்டையில் அக்கா தம் கையெழுத்தில் எழுதியிருப்பது ஓர் எண்: 22.